பான்டூன் படகு: புரொப்பெல்லர் அளவும் பெட்ரோல் செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையாகத் தளம் போட்டு, சுற்றிலும் சோபா வைத்து, பின்னால் வெளியே தொங்கும் ஓர் அவுட்போர்டு எஞ்சினை மாட்டினால் அது பான்டூன் படகு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில், அம்புரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி இரும்பு டிரம்களின் மேல் மரத்தளம் போட்டு மிதக்கவிட்டதிலிருந்து வளர்ந்த வடிவம் இது. இன்று அமெரிக்க, கனடிய ஏரிகளில் குடும்பத்தோடு போக இதைவிட வசதியான படகு இல்லை என்றே சொல்லலாம். ஏரிக்கரையில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். முதல் கோடை முடிந்து பெட்ரோல் பில்லைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்கெல்லாம் அமெரிக்காவில் புழங்கும் அளவுகளில்தான்: பிட்ச் (விளக்கம் கீழே) அங்குலத்தில், வேகம் மணிக்கு மைலில், பெட்ரோல் அமெரிக்க கேலனில். ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்.

புரொப்பெல்லரை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

இப்போது மாட்டியிருப்பது படகுக்குப் பொருந்தாததாக இருந்தால், ஆகும். ஏற்கெனவே பொருத்தமாக இருந்தால், இன்னொன்றை வாங்கி மாட்டுவதால் கிடைப்பது சில்லறைதான். எஞ்சின் எந்தச் சுழற்சியில் ஓட வேண்டும் என்று வடிவமைத்தார்களோ அந்தச் சுழற்சியை உங்கள் படகின் எடையோடு எட்டவிடுவதுதான் புரொப்பெல்லரின் வேலை. பெட்ரோல் செலவை முடிவு செய்வதில் பெரும் பங்கு உங்கள் வலது கையில் இருக்கிறது, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பிடியில். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். புரொப்பெல்லர் விற்பது அவர்கள் தொழில்.

13¾ × 15 என்று பொறித்திருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் எண் விட்டம். பிளேடுகளின் நுனி போடும் வட்டம் எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது பிட்ச்: வழுக்கலே இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. தண்ணீரில் வழுக்கல் இல்லாமல் எதுவும் நடக்காது, அதனால் 15 பிட்ச் புரொப்பெல்லர் உண்மையில் ஒரு சுற்றுக்கு 15 அங்குலம் போகாது.

எண் பெரும்பாலும் நடுக்குமிழின் பக்கவாட்டிலோ, பிளேடு அதோடு சேரும் இடத்திலோ இருக்கும். சிலவற்றில் பாகத்தின் எண் மட்டும்தான் இருக்கும். அதைக் கம்பெனி பட்டியலில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பழைய படகு வாங்கினால் முதலில் இந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் வாயால் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம்.

என் படகுக்கு எந்த பிட்ச் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஒரே சோதனைதான், செலவில்லாதது. எஞ்சினின் கையேட்டில் "முழு திராட்டில் ஆர்.பி.எம். வரம்பு" என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஆர்.பி.எம். என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. மெர்க்குரி 115 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது 5000 முதல் 6000. நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஏரியின் நடுவில், காற்றில்லாத காலை நேரத்தில், திராட்டிலை முழுதாகத் தள்ளி, டிரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வைச் சரிசெய்து, ஆர்.பி.எம். முள் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் பாருங்கள், படகின் ஸ்பீடோமீட்டர் பல நேரம் ஊகம்தான். போன வழியே திரும்பி வந்து இன்னொரு முறை குறித்துக்கொண்டு இரண்டுக்கும் சராசரி எடுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். 26 அடிக்கு உட்பட்ட படகுகளுக்கு இந்தக் கயிறு 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் சட்டமே ஆகிவிட்டது.

முள் வரம்பின் மேல் பாதியில் நின்றால் புரொப்பெல்லர் சரி. வரம்பைத் தொடவே இல்லையென்றால் பிட்ச் அதிகம். வரம்பைத் தாண்டினால் பிட்ச் குறைவு. பிட்சில் ஓர் அங்குலம் மாறினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும்.

உதாரணமாக, 15 பிட்சோடு 115 ஹெச்.பி. எஞ்சின் 4700-ஐத் தாண்டவில்லை என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 5500. குறைவது 800, அதாவது சுமார் 4 அங்குலம். 11 பிட்ச் வேண்டும். "அவ்வளவு சின்னதா?" என்று கடைக்காரரே புருவம் உயர்த்தலாம். வேகப் படகுக்கு 17, 19 விற்றுப் பழகியவர்களுக்கு அது சின்னதாகத்தான் தெரியும். பான்டூனுக்கு 11, 13 எல்லாம் சர்வ சாதாரணம்.

எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு சோதிக்க வேண்டும்?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தனியாகவோ, கூட ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டோ போய்ச் சோதித்துவிட்டு, ஆர்.பி.எம். பிரமாதமாக இருக்கிறது என்று திரும்பி வருவார்கள். 22 அடி இரட்டைக் குழாய் பான்டூன் காலியாக ஏறத்தாழ 1 டன். சனிக்கிழமை மதியம் பெரியவர்கள் 10 பேர் ஏறினால் ஆள் ஒன்றுக்கு 75 கிலோ வைத்தாலும் 750 கிலோ. அதற்கு மேல் ஐஸ் பெட்டி, பிரியாணிச் சட்டி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட். 30 கேலன் தொட்டி நிறைந்திருந்தால் அது மட்டுமே 80 கிலோவுக்கு மேல். காலிப் படகும் நிறைந்த படகும் கிட்டத்தட்ட இரண்டு வேறு படகுகள்.

காரில் நான்கு பேர் கூடுதலாக ஏறினால் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் பான்டூன் விஷயத்தில் சுமை ஏற ஏறக் குழாய்கள் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக அமிழும். தண்ணீரில் உரசும் பரப்பும் கூடும், தள்ளி ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். தனியாகப் போகும்போது 5800 காட்டிய எஞ்சின் 10 பேரோடு 5100-க்கு இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். நீங்கள் அடிக்கடி ஏற்றும் கூட்டத்துக்குப் பொருந்துவதாகத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் கணவன் மனைவி மட்டும் மாலையில் ஒரு சுற்று போய் வருபவர்களுக்கு ஒரு பிட்ச். ஒவ்வொரு வார இறுதியும் விருந்தாளி வரும் வீட்டுக்கு அதைவிட 2 அங்குலம் குறைந்த பிட்ச். இரண்டுக்கும் நடுவில் அலைபவர்கள், நிறைந்த படகில் வரம்பின் அடிப்பகுதிக்குக் கீழே போகாத, காலிப் படகில் மேல் எல்லையைத் தாண்டாத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1000 ஆர்.பி.எம். அகலமுள்ள வரம்பு அதற்குப் போதுமானது.

"பெரிய பிட்ச் போடு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் மிச்சம்" என்கிறார் மச்சான். சரிதானா?

மச்சான் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். காலிப் படகில், நடுத்தர வேகத்தில், ஓர் அங்குலம் கூடுதல் பிட்ச் கேலனுக்குக் கொஞ்சம் கூடுதல் மைல் தரக்கூடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் உள்ளே உராய்வு குறையும். அதைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் மச்சான் பேசுகிறார்.

சுமை ஏறியதும் கதை மாறிவிடும். அதே வேகத்துக்குத் திராட்டிலை இன்னும் திறக்க வேண்டும். எஞ்சின் குறைந்த சுழற்சியில் திணறிக்கொண்டு, மலைப்பாதையில் டாப் கியர் போட்டு ஏறும் வண்டி மாதிரி இழுக்கும். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும், எரிபொருள் தட்டி வெடிக்கும், கரி படியும். காரில் அந்த நிலையில் கீழ் கியருக்குப் போய்விடலாம். அவுட்போர்டுக்கு முன்னோக்கி ஒரே கியர்தான், அந்த கியரின் அளவை முடிவு செய்வதே புரொப்பெல்லர். மாற்ற வேண்டுமென்றால் கரைக்கு வந்து நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு கோடையில் மிச்சம் பிடிக்கும் சில கேலனுக்காக எஞ்சினைப் பணயம் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் ரொம்பச் சின்ன பிட்ச்?

புறப்படும்போது நன்றாக இழுக்கும். ஆனால் எஞ்சின் எப்போதும் கத்திக்கொண்டே ஓடும், முழு திராட்டிலில் சுழற்சி எல்லை மீறி எஞ்சினே தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், மைலேஜும் கொஞ்சம் அடிபடும். இருந்தாலும் இரண்டு தவறுகளில் எது தேவலாம் என்று கேட்டால், ஓர் அங்குலம் குறைவாக இருப்பதுதான்.

விட்டம் பெரிதாக இருந்தால் நல்லதா?

பான்டூனுக்கு நல்லது. உந்துவிசை கிடைக்க இரண்டு வழி உண்டு: கொஞ்சம் தண்ணீரை வெகு வேகமாகப் பின்னால் எறியலாம், அல்லது நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளலாம். உந்துவிசை தண்ணீரின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. வீணாகும் சக்தியோ அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் பெரிய விட்டம், மெதுவான சுழற்சி என்ற வழியில் வீண் குறைவு. கனமான, மெதுவான படகுக்கு இது இன்னும் பொருந்தும். துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகின் புரொப்பெல்லர் அவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான்.

ஆனால் விட்டத்தை நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. புரொப்பெல்லருக்கு மேலே எஞ்சினில் இருக்கும் தட்டையான தகடு இடிக்கும், கியர் விகிதம் ஒத்துவராது. ஒரே வரிசையில் வரும் புரொப்பெல்லர்களில் பிட்ச் குறையக் குறைய விட்டம் பெரும்பாலும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது.

உண்மையான வித்தியாசம் எஞ்சின் வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மெர்க்குரி 115-ல் சாதாரண கியர் பெட்டியின் விகிதம் 2.07:1, அதாவது எஞ்சின் 2.07 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். கமாண்டு திரஸ்ட் என்ற பெரிய கியர் பெட்டி வைத்த அதே 115-ல் 2.38:1. யமஹாவின் எஃப்60-க்கு 1.85:1, ஹை திரஸ்ட் வகையான டி60-க்கு 2.33:1. இரண்டாவது வகைகளில் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினாலும் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும், அதனால் பெரிய விட்டமும் கூடுதல் பிட்சும் மாட்டலாம். பான்டூனுக்காக எஞ்சின் வாங்குகிறவர்கள் ஹெச்.பி.யை மட்டும் பேரம் பேசிவிட்டு இதைக் கேட்காமல் விடுகிறார்கள். காற்றடிக்கும் நாளில் படகுத்துறையில் சேர்க்கும்போது, பின்னோக்கி இழுக்கும் பிடியில் இதன் அருமை தெரியும். 115 கமாண்டு திரஸ்டுக்கு ஒருவர் சொன்ன பிட்ச் எண் சாதாரண 115-க்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று பிளேடா, நான்கு பிளேடா?

நான்கு பிளேடு தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். திருப்பங்களில் பிடி விடாது, மெதுவான வேகத்தில் படகு நேராகப் போகும், பின்னோக்கிப் போவது சுலபம், அதிர்வும் குறைவு. உச்ச வேகத்தில் ஒன்றிரண்டு மைல் குறையலாம். குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே படகு மேலெழுந்து நிற்பதால், நடுத்தர வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமும் ஆகலாம். கூட்டம் ஏற்றும் படகுக்கு என் ஓட்டு நான்கு பிளேடு அலுமினியத்துக்கே; மெர்க்குரியின் ஸ்பிட்ஃபயர் அந்த வகையில் பலரும் மாட்டுவது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது அதே பிட்சை வாங்காதீர்கள். கூடுதல் பிளேடு ஆர்.பி.எம்.மை இழுத்துக் குறைக்கும் என்பதால் ஓர் அங்குலமோ இரண்டோ குறைத்து வாங்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் மைலேஜ் கூடுமா?

25 மைல் வேகத்தில் ஓடும் இரட்டைக் குழாய் படகில், கொடுத்த காசுக்குக் கூடாது. ஸ்டெயின்லெஸ் பிளேடு மெல்லியது, வளையாதது. 40 மைலில் பறக்கும், மூன்று குழாய், 200 ஹெச்.பி. படகில் அதன் பலன் தெரியும். விலை அலுமினியத்தைவிடப் பல மடங்கு. இன்னொரு விஷயம், அலுமினியம் பாறையில் பட்டால் பிளேடு வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் வளையாமல் அடியை உள்ளே தண்டுக்கும் கியருக்கும் கடத்தக்கூடும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணப் பாறை ஏரிகளில் ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை யோசிப்பது நல்லது.

வழுக்கல் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

ஆர்.பி.எம்.மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1056-ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாத கற்பனை வேகம் மைலில் வரும். 5600 ஆர்.பி.எம்., 13 பிட்ச், 2.07 விகிதம் என்றால் சுமார் 33 மைல். ஜி.பி.எஸ். 26 காட்டினால் வழுக்கல் சுமார் 22 சதவீதம். பான்டூனுக்கு அது இயல்புதான், பதற வேண்டாம். 35, 40 சதவீதம் வந்தால் வேறு ஏதோ கோளாறு: எஞ்சின் அதிக உயரத்தில் இருக்கலாம், பிளேடு வளைந்திருக்கலாம், அல்லது புரொப்பெல்லரில் பொறித்த எண்ணுக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லாமல் யாரோ தட்டி நிமிர்த்தியிருக்கலாம்.

எந்த வேகத்தில் போனால் கேலனுக்கு அதிக மைல் கிடைக்கும்?

நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. சிரிக்காதீர்கள், கணக்கு அப்படி.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு திராட்டிலில் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பதற்கு ஹெச்.பி.யைப் பத்தால் வகு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 115-க்கு 10 முதல் 11 கேலன் என்று கொள்ளலாம். 26 மைல் வேகத்தில் ஓடினால் கேலனுக்கு 2½ மைல் தேறும். அதே படகு 5 மைல் வேகத்தில் ஊர்ந்தால் மணிக்கு 1 கேலன்கூட ஆகாது. கேலனுக்கு 5 மைலும் அதற்கு மேலும் கிடைக்கும்.

எந்நேரமும் ஊர்ந்துகொண்டே இருக்க முடியாது என்பதும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 5600-ல் ஓடும் எஞ்சினை 4500-க்கு இறக்கினால் சுழற்சி 80 சதவீதம் ஆகிறது, கேட்கும் சக்தியோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பெட்ரோலும் கிட்டத்தட்ட அதே வழியில் இறங்கும். வேகம் மட்டும் பாதியாகக் குறையாது. திராட்டிலை ஒரு விரல் அகலம் பின்னுக்கு இழுப்பதில் கிடைக்கும் மிச்சத்தை எந்தப் புரொப்பெல்லரும் தராது.

தவிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு படகு ஓடும் இடைப்பட்ட வேகம். அடியில் உயர்த்தும் பட்டைகள் வைத்த மூன்று குழாய் படகுகளில் இது தெளிவாகத் தெரியும்: அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் படகு மேலெழுந்து லேசாகிவிடும். இரட்டைக் குழாயில் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. உங்கள் படகில் அது எங்கே என்று கண்டுபிடிக்க, 500 ஆர்.பி.எம்.முக்கு ஒரு முறை வேகத்தையும் மணிக்கு ஆகும் கேலனையும் ஒரு தாளில் எழுதி, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். எஞ்சின் திரை கேலன் காட்டாத பழைய மாடலா? தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஒரே ஆர்.பி.எம்.மில் ஒரு மணி நேரம் ஓட்டி, மீண்டும் விளிம்புவரை நிரப்புங்கள். பம்ப் காட்டும் எண் பொய் சொல்லாது.

ஆர்.பி.எம். திடீரென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ஏன்?

திருப்பத்தில் மட்டும் நடந்தால் புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறது. எஞ்சினை மாட்டியிருக்கும் போல்ட் துளைகளில் ஒரு துளை கீழே இறக்கினாலோ, டிரிம்மை உள்ளே (எஞ்சினின் அடிப்பகுதி படகை நெருங்கும்படி) கொண்டுவந்தாலோ, நான்கு பிளேடுக்கு மாறினாலோ தீரும்.

நேராகப் போகும்போதும் நடந்தால், பெரும்பாலும் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் பிடி விட்டிருக்கும். வெளிக்குமிழிலும் உள்ளே இருக்கும் உருளையிலும் சேர்த்து ஒரு நேர்க்கோடு மார்க்கரால் போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் புஷ் போய்விட்டது. மெதுவாக ஓட்டினால் கரை சேர்ந்துவிடலாம்.

எஞ்சின் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? டிரிம்?

புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகு ஓடும்போது தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீருக்குள் வெகு ஆழத்தில் இருந்தால் கியர் பெட்டியே சுமையாக இழுபடும். டிரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள், ஜி.பி.எஸ். வேகம் ஏறுவது நின்று ஆர்.பி.எம். மட்டும் ஏறத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் உள்ளே இழுத்து நிறுத்துங்கள். காசில்லாமல் கிடைக்கும் மைலேஜ் இது, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். முன்னால் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருக்கும்போது டிரிம்மை முழுக்க உள்ளே வைத்து வேகமாகப் போகாதீர்கள். எதிரே வரும் அலையில் மூக்கு புகுந்தால் தண்ணீர் தளத்தின் மேல் ஏறிவிடும்.

மலை ஏரிக்குக் கொண்டுபோனால் புரொப்பெல்லர் மாற்ற வேண்டுமா?

ஆமாம். 1000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரி 6200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் 115 ஏறக்குறைய 95 ஆகிவிடும். 2 அங்குலம் குறைந்த பிட்ச் ஒன்றை எடுத்துப் போங்கள்.

புரொப்பெல்லர் சரி, டிரிம் சரி, இருந்தும் பழைய வேகம் வரவில்லையே?

குழாய்களைத் தடவிப் பாருங்கள். கோடை முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும் படகில் பாசியும் சேறும் சின்னச் சிப்பிகளும் ஒட்டி, கைவைத்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதைச் சுரண்டிக் கழுவினாலே தொலைந்த வேகம் திரும்பிவிடலாம். பாசி ஏறாமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடித்துவிடாதீர்கள். செம்பு அலுமினியத்தை அரிக்கும், அலுமினியத்துக்கென்றே தனி பெயின்ட் இருக்கிறது.

அடுத்தது குழாய்க்குள் தண்ணீர். யாரும் ஏறாதபோது படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள். டிரெய்லரில் ஏற்றி, குழாயின் பின்முனையில் இருக்கும் அடைப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரு கேலன் தண்ணீர் 3.8 கிலோ. 40 கேலன் புகுந்திருந்தால் டிக்கெட் வாங்காத இரண்டு பேரை எப்போதும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

மேலே விரித்த துணிக் கூரையும் எதிர்க்காற்றில் இழுக்கும். வெயில் இல்லாத நாளில் மடக்கி வையுங்கள்.

பெட்ரோலில் ஊற்றும் மருந்துகள், கியர் பெட்டியில் மாட்டும் இறக்கைகள்?

மைலேஜுக்காக இரண்டும் வேண்டாம். படகைச் சேமித்து வைக்கும் காலத்துக்கு, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றுவது வேறு விஷயம், அது அவசியம். 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் படகு எஞ்சினில் ஊற்றுவதற்கு அமெரிக்காவில் தடை இருக்கிறது. சாலையோர பம்பில் விலை குறைவாக இருக்கிறதே என்று கேனில் பிடிக்கும்போது எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பிடியுங்கள்.

புரொப்பெல்லரை நானே கழற்றி மாட்டலாமா?

தாராளமாக. சாவியை எடுத்துவிடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். பிளேடுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் சுற்றாது. முனையில் இருக்கும் ஊசியையோ மடித்த வாஷரின் காதையோ நிமிர்த்தி எடுத்து, நட்டைத் திருகினால் வாஷர், புரொப்பெல்லர், அதற்குப் பின்னால் ஒரு தடித்த வளையம் என்று வரிசையாக வரும். எந்தப் பக்கம் எது இருந்தது என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடித்த வளையம் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை வெளியே எடுத்துப் பின்னால் பாருங்கள். தூண்டில் நரம்பு சுற்றி, சூட்டில் உருகி, பிளாஸ்டிக் வளையல் போல இறுகியிருந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அது தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்துவிடும், தண்ணீர் உள்ளே போகும், கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறும். அந்த ரிப்பேருக்கு ஆகும் செலவில் பல கோடைக்குப் பெட்ரோல் போடலாம்.

மாட்டும்போது தண்டின் பள்ளங்களில் கிரீஸ் தடவுங்கள், நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள், ஊசியைப் புதிதாகப் போடுங்கள்.

பிளேடு நுனி கொஞ்சம் வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

சின்னக் கீறலை அரத்தால் தேய்த்துவிட்டு ஓட்டலாம். வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் ஓட்ட வேண்டாம். ஒரு பிளேடு மட்டும் வேறு கோணத்தில் தள்ளினால் அதிர்வு வரும், அது தண்டின் பேரிங்கையும் சீல் வளையத்தையும் பதம் பார்க்கும். புரொப்பெல்லர் பட்டறைகளில் நிமிர்த்திப் பிட்சையும் சரிபார்த்துத் தருவார்கள்.

புதியது வாங்கிவிட்டேன், பழையதை விற்றுவிடலாமா?

வேண்டாம். அது கொஞ்சம் பொருந்தாத பிட்சாக இருந்தாலும், ஏரி நடுவில் பாறையில் அடித்துப் பிளேடு போனால் கரை சேர்க்கப் போதும். ஒரு பழைய துணியில் சுற்றி, கூடவே ஒரு நட்டு, வாஷர், இரண்டு ஊசி, பொருந்தும் ஸ்பேனர், அந்த மரக்கட்டை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பின் சோபாவின் அடியில் வைத்துவிடுங்கள். மாற்றும்போது எஞ்சினை முழுக்கத் தூக்கிவிட்டு, நட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திருகுங்கள். ஏரிக்குள் விழுந்த நட்டு திரும்பக் கிடைக்காது.